பாதி கேட்ட பாட்டுக்கு முழுத் தீர்ப்பு

நலம் பெருகுக. நீர்நிலை வற்றாதிருக்க. வெற்றிலை வாடாதிருக்க.

நெடுங்கழி நாட்டின் காவலரும், உப்பங்கழி ஏழினுக்கும் உடையவரும், பகைவர் முதுகு கண்டவரும், கடைவாய்ப் பல் பிடுங்கிய நாளிலும் அவை கலைக்காதவருமாகிய மன்னர் மாறவேங்கைப் பெருநம்பி திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் திருமந்திர ஓலை நாயகம் ஆதிச்சன் விடங்கன் எழுதும் ஓலை. வெண்மணற்பாடி நாட்டைக் கோல் கோணாது ஆள்பவரும், முத்துக்குளிப்போர் வணங்கும் தாயும், எங்கள் மன்னரைச் சதுரங்கத்தில் மும்முறை வென்றும் அதை ஊரறியச் சொல்லாத பெருந்தன்மையருமாகிய பேரரசி உலகுடைய நங்கையார் திருமுன் இது படிக்கப்படுக. தங்கள் துறையில் கப்பல் நிறைக. தங்கள் களஞ்சியத்தில் எலி குறைக. தங்கள் அவைப் புலவர்கள் நலமாகவும், கூடுமானவரை அமைதியாகவும் இருப்பார்களாக.

இச்செய்தியைச் செல்பேசியில் விடுத்திருந்தால் நொடியில் வந்திருக்குமே, ஓலையும் ஓட்டக்காரனும் எதற்கு என்று தேவியார் வினவக்கூடும். விடுத்துப் பார்த்தோம். தங்கள் அரண்மனைக் குழுவில் அது போய் விழுந்த இடம், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களுக்கும், வெங்காயச் சாற்றால் வழுக்கை நீங்கும் என்ற நற்செய்திக்கும் நடுவே. பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு வந்தது. படித்ததற்கு அடையாளம் எதுவும் வரவில்லை. தங்கள் அமைச்சர் ஒருவர் மட்டும் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார். அதை இசைவு என்று கொள்வதா, இரங்கல் என்று கொள்வதா என்று எங்கள் அவை அரைநாள் வாதிட்டது. ஆகவேதான் பனையோலை. இதைக் கையில் பிடித்துக்கொண்டு வேறொன்றைத் தள்ளித் தள்ளிப் பார்க்க இயலாது.

இனிச் செய்தி. எங்கள் நாட்டுக் குடியாகிய தில்லையழகி என்பாள், ‘தீக்குச்சி’ என்ற பெயரில் ராப் பாடுபவள். ராப் என்பது தாளத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு மூச்சு விடாமல் வழக்காடுவது. எங்கள் மீன்சந்தைப் பெண்டிர் பன்னெடுங்காலமாகச் செய்து வருவதே, இப்போது அதற்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அவள் பாக்குப்பாளை முகமூடி அணிந்தே மேடையேறுவாளாதலால் முகம் அறிந்தார் இலர். இணையத்தில் குடியிருக்கும் மாந்தரின் ஒருநாளை, கண் விழிப்பது முதல் கண் சோர்வது வரை, ஒரே தொடராகப் பாடி, ‘எல்லாரும் பார்த்தாச்சு’ என்று பெயரிட்டு அவள் வெளியிட்டாள். அதனைத் தங்கள் கடலாட்டு விழாவில் முழுவதும் பாடும்படி தாங்களே அழைத்தீர்கள். அழைத்த பின்னர் எங்கள் புலவர் பேரவையின் தீர்ப்பு தங்கள் கைக்கு வந்தது. அதை நம்பித் தங்கள் தடையாணை பிறந்தது.

அவ்வாணையின் படி எம்மிடம் உள்ளது. கல்யாணப் பந்தலில் வழுக்கி விழுந்த ஏழை மணப்பெண் ஒருத்தியை எள்ளி நகையாடும் இந்த இரக்கமற்ற பாடகி, அந்த மணப்பெண்ணின் மானம் காக்கும் பொருட்டு, வெண்மணற்பாடி எல்லைக்குள் கால் வைக்கலாகாது என்பது அதன் வாசகம். அதன்படி அவள் இன்று தங்கள் எல்லைச் சுங்கச்சாவடி வாசலில், ஒரு தவிற்காரரோடும் ஒரு வண்டி நிறைய ஒலிபெருக்கியோடும் வெயிலில் நிற்கிறாள். தங்கள் மேடை அவளுக்கு வெறும் மேடை அன்று. எங்கள் சட்டப்படி பேரவை தள்ளிய படைப்பை இந்நாட்டில் எவரும் மேடையேற்ற முடியாது. மன்னரே விரும்பினாலும் முடியாது. வேற்று நாட்டு அவையொன்றில் முழுமையாக அரங்கேறினால் மட்டுமே மறுதீர்ப்பு உண்டு. தாங்கள் கதவடைத்தால் அவள் வாய்க்கும் அத்துடன் கதவு.

அந்த மணப்பெண் யார் என்பதைத் தேவியார் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கள் நாட்டிலும் அது சுற்றியதாக அறிகிறோம். கல்யாணப் பந்தலில் மாலையும் கழுத்துமாகப் பின்னோக்கி நடந்த பெண்ணொருத்தி, கால் இடறி, ஆறிக்கிடந்த பாயசக் கிடாரத்துக்குள் உட்கார்ந்துவிட்ட காட்சி அது. மாலை சரிந்து முகத்தை மூடிக்கொண்டமையால் ஆள் இன்னாரென்று தெரியாது. கிடாரமும் இரண்டு கால்களும் மட்டும் தெரியும். ‘பாயசப் பெண்’ என்று பெயர் வைத்து, பாட்டுச் சேர்த்து, மீம் சேர்த்து, நாடே தின்று தீர்த்தது. எங்கள் பேரவைத் தலைவர் செஞ்சொல் திலகம் வெண்காடப் புலவர் அதைத் தம் ஸ்டேட்டஸில் வைத்து, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை ஒரு வரிசை அடுக்கி, அதற்கொரு வெண்பாவும் பாடினார். வெண்பாவில் தளை தட்டியதைக் கூட எவரும் கவனிக்கவில்லை.

இனி அந்தத் தீர்ப்பு எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். மன்னரின் முப்பாட்டனார் காலத்துப் புலவர்கள் ஒரு நூலைப் பற்றி வாய் திறக்க ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டார்களாம். நூலாசிரியர் ஒருவருக்குத் தீர்ப்பு வந்து சேர்ந்தபோது வீட்டில் அவருக்குத் திதி நடந்துகொண்டிருந்ததாம். அதனால் மனம் நொந்த அம்மன்னர், எவருடைய தீர்ப்பு முதலில் அரண்மனை வாசலை அடைகிறதோ அவருக்கே ஆற்றுத் திருவிழாவில் முதல் தாம்பூலமும் யானை ஊர்வலமும் என்று விதித்தார். நல்லெண்ணத்தில் விதித்த விதிதான். இன்று அதன் பயன் யாதெனில், பாட்டு விடியலில் வெளியானால் தீர்ப்பு பல் விளக்குமுன் வந்து சேர்கிறது. முதல் தாம்பூலத்துக்காக ஓடுகிற ஓட்டத்தில் எங்கள் புலவர்கள் எதையும் முழுதாகக் கேட்டதில்லை. கேட்பவரைச் சோம்பேறி என்று தங்களுக்குள் ஏளனம் வேறு.

தில்லையழகியின் பாட்டு வெளியானபோதும் அதுவே நடந்தது. முற்பாதி சும்மா சொல்லக்கூடாது, ரகளை. பொய் மருந்துச் செய்தியொன்று தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு வீடுவீடாகப் போகும் பாட்டு ஒன்று. அரண்மனைக்குள் அது புகுந்த இடத்தில் எங்கள் மன்னர் தலையில் வெங்காயம் மணந்த வாரத்தை நினைத்து அடியேன் வாயைப் பொத்திக்கொண்டேன். பெயரில்லாமல் முகமில்லாமல் வசை எழுதும் வீரன், தாயார் சாப்பிடக் கூப்பிட்டதும் வாளை உறையிலிட்டு ஓடும் பாட்டு ஒன்று. இவற்றுக்கெல்லாம் நடுவே, ‘பாத்தாச்சா? பாத்தாச்சா?’ என்று கேட்டுக் கேட்டு, பாயசப் பெண் விழுந்ததை மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டிக் கும்மாளமிடும் பாட்டு. கால் தானாகத் தாளம் போடும். அந்தப் பாட்டு உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று எல்லாம் நின்றுவிடும். வெற்றிலை மடித்துப் போட்டு மென்று துப்பும் நேரம் வரை ஓசையே இராது.

இந்த இடத்தில்தான் எங்கள் நாட்டார் மட்டுமே செய்யக்கூடிய பிழை நேர்ந்தது. எங்களுக்கு இணையக் கோபுரம் ஒன்றே ஒன்று. கோட்டைக் கொத்தளத்தின்மேல் நிற்கிறது. அதன்மேல் குரங்குகள் குடியிருக்கின்றன. அவை சண்டையிட்டால் நாட்டுக்குச் சிக்னல் இல்லை. ஆகவே பாட்டு நின்றதும் புலவர் பெருமக்கள் அனைவரும் ஒருமனதாகக் குரங்குகளை ஏசினார்கள். வெண்காடப் புலவர் இரட்டை வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர், மொட்டைமாடிக்கு ஏறி, செல்பேசியை வானுக்குக் காட்டிச் சூரிய நமஸ்காரம் செய்தார். இன்னொருவர் காதுக்கருவியைத் தரையில் தட்டினார். மற்றொருவர் தம் காதே போய்விட்டதென்று வைத்தியர் வீட்டுக்கு ஓடினார். போகிற வழியிலேயே தீர்ப்பையும் எழுதி முடித்தார். காத்திருந்தால் தாம்பூலம் போய்விடும். ஆகையால் பாட்டு அவ்வளவுதான் என்று முடிவுகட்டி, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு தத்தம் முத்திரை வைத்தார்கள்.

தீர்ப்புகளின் சாரத்தைச் சுருங்கச் சொல்கிறேன். குப்பையைப் பாடினால் பாட்டும் குப்பையாகும் என்றார் ஒருவர். முடிவே இல்லாமல் பாதியில் அறுந்து தொங்குகிறது, இது சோம்பல் என்றார் மற்றொருவர். வெண்காடப் புலவரோ, கீழே விழுந்தவளைப் பார்த்துச் சிரிப்பது பண்பாடா, கருணை எங்கே, பெண்ணினத்துக்கே இழுக்கல்லவா என்று மூன்று முழ ஓலையில் கண்ணீர் வடித்தார். தம் வெண்பாவை அவர் அப்போது நினைவுகூரவில்லை. இளம்புலவர் ஒருவர் மட்டும் போற்றி எழுதினார். பாயசப் பெண் பாட்டில் வயிறு புண்ணாகச் சிரித்ததாகவும், இதுபோல் இன்னும் பல பெண்கள் விழவேண்டும் என்று விரும்புவதாகவும் வாழ்த்தியிருந்தார். அதன்பின் இணையத்தில் எழுந்த பெரும்போர், பாட்டைக் கேட்டவர்களுக்கிடையே அன்று, தீர்ப்பைப் படித்தவர்களுக்கும் தீர்ப்பின் தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கும் இடையே நிகழ்ந்தது. வெண்காடப் புலவர் தம் ஓலையை, அரச முத்திரை இல்லாமலேயே, தங்கள் அவையிலுள்ள பழைய நண்பருக்கு அனுப்பிவைத்தார். தங்களை வந்தடைந்தது அதுவே. முத்திரையில்லா ஓலையை அரசோலை என்று நம்பியது தங்கள் பக்கத்துப் பிழை. அதை இத்துடன் விட்டுவிடுகிறோம்.

தங்கள் ஆணை கண்டதும் எங்கள் மன்னர், நம் நாட்டவளை அயல்நாடு தடுப்பதாயின் காரணத்தை நம் காதால் கேட்போம் என்று கூறி, அவையைக் கூட்டிப் பாட்டை ஒலிக்கச் சொன்னார். முற்பாதியில் மன்னர் தொடை தட்டிச் சிரித்தார். ஓசை நின்றதும், வழக்கம்போல், கோபுரக் காவலனை இழுத்து வரப் பணித்தார். வந்தவன், குரங்குகள் அனைத்தும் உறங்குகின்றன என்றும், சிக்னல் கோடுகள் நான்கும் நிற்கின்றன என்றும் தெரிவித்தான். பார்த்தோம், நின்றன. பாட்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அமைதியும் பாட்டின் ஓர் உறுப்பு என்பது அப்போதுதான் எங்கள் பெருமண்டைகளுக்கு உறைத்தது. மன்னர் கையமர்த்தினார். அவையில் ஒருவரும் இருமவில்லை.

பிறகு ஒற்றைத் தவில் மெதுவாகத் தொடங்கியது. ஒரு பெண்குரல், ஏச்சும் இல்லாமல் எகத்தாளமும் இல்லாமல், கிடாரத்துக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தபோது கண்டதைச் சொல்லிற்று. சுற்றிலும் கைகள், எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன, எல்லாவற்றிலும் செல்பேசி. தூக்கிவிட ஒரு கையும் காலியாக இல்லை. சமையற்காரர் ஒருவர் மட்டும் பதறி ஓடி வந்தார். அவர் வந்தது பாயசத்துக்காக. அவள் எழுந்து நிற்பதற்குள் அக்காட்சியை முதன்முதலில் ஊருக்கு அனுப்பியவன் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை. கூறைப்புடவையைப் பிழிந்துகொண்டு அவள் தாலி வாங்காமலே பந்தலைவிட்டு வெளியேறினாள். அந்தப் பெண் தில்லையழகிதான். அதைப் பாட்டிலேயே தன் பெயரையும் தெருவையும் சொல்லிப் பாடியிருக்கிறாள். அவளை இகழ்ந்தவள் என்று அவளையே தாங்கள் வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

பிற்பாதி முழுவதும் அழுகை என்று எண்ண வேண்டா. தன்னைப்பற்றி ஊர் எழுதிய வசைகளை அவள் நலுங்குப் பாட்டு மெட்டில் பாடும் இடத்தில் எங்கள் படைத்தலைவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல் மீசையைக் கடித்துக்கொண்டார். கடைசிப் பாட்டு இன்னும் கொடிது. பல மாதம் கழித்து, சந்தையில் யாரோ ஒரு கிழவர் சேற்றில் விழும் காட்சி அவள் செல்பேசிக்கு வருகிறது, அவளும் சிரிக்கிறாள், அவளும் நாலு பேருக்கு அனுப்புகிறாள், அனுப்பிய விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு அங்கே முடிகிறது. மன்னர் அடியேனை நோக்கி, பாயசப் பெண் விழுந்த காட்சி இவ்வவைக்கு வந்த நாளில் நாம் சிரித்தோமா என்று வினவினார். மன்னர் சிரித்தருளினார், அதனால் அவை சிரித்தது, மன்னர் நிறுத்திய பின்னும் அவை நிறுத்தவில்லை என்று விடை பகர்ந்தேன். அன்று பகலுணவில் பாயசம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

புலவர் பெருமக்கள் என்ன செய்தார்கள் என்று தேவியார் அறிய விரும்பலாம். அவை கலையுமுன்பே இருவர் புதிய தீர்ப்பு எழுதி நீட்டினார்கள். இதன் ஆழத்தை முதலிலேயே ஐயுற்றதாகவும், வெளியில் சொல்லாமல் காத்ததாகவும் அதில் கண்டது. ஓசையின்மையைப் பாட்டுறுப்பாகக் கொள்ள இலக்கணத்தில் இடமில்லை, ஆகவே கேளாதவர் குற்றவாளிகள் அல்லர் என்று வெண்காடப் புலவர் வாதித்தார். வாதித்த கையோடு, புகழ்ந்து எழுதினால் முதல் தாம்பூலம் புதிதாகக் கணக்கிடப்படுமா என்றும் கேட்டார். இவர்களைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது அடியேன் தலையெழுத்து. இனி ஒரு படைப்பின் கடைசி வரியைத் தவறாமல் எவர் சொல்ல வல்லாரோ அவருக்கே தாம்பூலம் என்று மன்னர் விதியை மாற்றியிருக்கிறார். அந்த வரியைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா என்று அன்று மாலைக்குள் மூவர் மனுச் செய்துள்ளனர்.

அடியேனை அவளுக்குக் கொடி பிடிப்பவன் என்று கருத வேண்டா. பாட்டில் குறை உண்டு. ரோஜாப் பூக்களைப் பற்றிய பாட்டு, அந்தப் பூக்களைப் போலவே முடிவதில்லை. தவில் பல இடங்களில் சொல்லைத் தின்றுவிடுகிறது. ‘டேய்’ என்ற சொல்லைப் பாதியாகக் குறைத்தாலும் எவர்க்கும் கோபம் குறையாது. இவற்றை ஓட்டக்காரன் மூலம் எல்லைக்குச் சொல்லி அனுப்பினேன். ஓலை நாயகம் உரைத்தது சரியே, எனினும் மாற்றுவதாக இல்லை என்று அவளிடமிருந்து விடை வந்தது. முழுவதும் கேட்டு ஒருவர் குறை சொன்னது இதுவே முதன்முறை, மிக்க மகிழ்ச்சி என்றும் சேர்த்திருந்தாள். அடியேன் நாற்பது ஆண்டு ஓலை எழுதுகிறேன். குறை சொன்னதற்கு நன்றி வந்த ஓலை இது ஒன்றே.

ஆகவே எங்கள் மன்னர் தங்களிடம் வேண்டுவது இரக்கம் அன்று. பாயசப் பெண் என்று அறிந்து மனமிளகிக் கதவு திறப்பதை அவளும் விரும்பவில்லை. அவ்வாறு திறந்தால் உள்ளே வரமாட்டேன் என்று திட்டமாகச் சொல்லியிருக்கிறாள். தங்கள் அவையைக் கூட்டி, அவளைச் சாவடியிலிருந்தே பாடச் சொல்லியேனும், முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள். ஓசை நிற்குமிடத்தில் எவரையும் ஏசாமல், எதையும் தட்டாமல், வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். கேட்ட பின் பாட்டு நன்றில்லை எனத் தோன்றினால் நன்றில்லை என்றே எழுதி அனுப்புங்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறேன், வழக்காட மாட்டேன் என்று அவள் வாக்குத் தந்திருக்கிறாள். நன்று எனத் தோன்றினால் மேடை கொடுங்கள்.

இன்னும் ஒரு சிறு செய்தி. தங்கள் சுங்க அதிகாரி தடையாணையை வாசலில் நின்று உரக்கப் படித்தபோது, அவள் சினந்திலள், அழுதிலள். அந்த மணப்பெண்ணின் மானம் காக்கும் பொருட்டு என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அவ்வரியை மறுபடி படிக்கக் கேட்டாளாம். பின்னர் அந்த ஓலையைத் தனக்கே தந்துவிட முடியுமா என்று கேட்டு வாங்கி, முகமூடிப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாளாம். பந்தலில் விழுந்த நாளுக்குப் பிறகு அவள் பக்கம் நின்று எவரும் எழுதிய முதல் வரி அதுதான் என்று எம் ஓட்டக்காரனிடம் கூறியிருக்கிறாள்.

நெடுங்கழி வேந்தர் மாறவேங்கைப் பெருநம்பியின் இரட்டைமீன் முத்திரை, பாட்டை முழுவதும் கேட்ட அவையின் நடுவே, அவர் கையாலேயே இதன் கீழ் பொறிக்கப்பட்டது. இவ்வோலையைக் கொணர்வோனுக்கு நீரும் நிழலும் அருள்க. இருநாட்டுக் கரையும் ஒரே அலையால் நனைக. தேவியார் கதவைத் திறக்கத் திருவுளம் கொண்டாலும், அடைத்தே வைக்கத் திருவுளம் கொண்டாலும், அந்தத் தடையாணையை மட்டும் அவளிடமிருந்து திரும்பக் கேளாதிருக்க வேண்டும். இது எம் மன்னர் வேண்டுகோள்.